இடப்பக்கம் சுற்றிய கம்பி

பித்தளைக் கம்பியின் நுனி உருகி, இரண்டு குழாய்கள் சேரும் இடுக்குக்குள் மொத்தமாக இறங்கும்வரை கஸ்பார் மூச்சு விடமாட்டான். சுடர் கொஞ்சம் தள்ளிப்போனால் பித்தளை ஓடாது. கொஞ்சம் நெருங்கினால் குழாய் கருகிவிடும். ஆரஞ்சுப்பழ நிறம் வரவேண்டும். வந்த கையோடு சுடரை விலக்கவேண்டும். விலக்கினான். மூச்சை விட்டான். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

அதற்காகவே காத்திருந்ததுபோல் பட்டறையின் மறுகோடியில் மேஸ்திரி ஃபுர்னெல்லின் குரல் வெடித்தது.

"மறுபடியும் நொட்டாங்கையா? எத்தனை தடவை சொல்றது உனக்கு?"

மெலானி நிமிரவில்லை. மடியில் ஒரு சக்கரத்தைச் சாய்த்து வைத்திருந்தாள். ஸ்போக்ஸ் கம்பிகள் இரண்டு குறுக்கிடும் இடத்தில் மெல்லிய செப்புக் கம்பியை வரிவரியாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்ததும் அதன்மேல் ஒரு சொட்டு ஈயம். மலைப் பாதையில் மூட்டையோடு போகிறவனுக்கு ஸ்போக்ஸ் ஒன்று அறுந்தாலும், அது சக்கரத்துக்குள் புகுந்து ஆளைக் கவிழ்த்துவிடாமல் அந்தக் கட்டு பிடித்துக்கொள்ளும். நெடும்பயணம் போகிற கனவான்கள் இதைக் கேட்டு வாங்குவார்கள்.

"மேசையில எல்லாரும் வலப்பக்கமா சுத்தறாங்க. நீ மட்டும் இடப்பக்கமா சுத்தறே. பாக்கறவன் என்ன நினைப்பான்? மொந்தலார் பட்டறையில ஒழுங்கே கிடையாதுன்னு நினைக்கமாட்டான்?"

"வீல் நேரா ஓடுதா, இல்லையா மேஸ்திரி?"

"ஓடுது."

"அப்புறம் என்ன? நான் எந்தக் கையால கட்டினேன்னு பாக்கறதுக்கு அதுக்குக் கண்ணா இருக்கு?"

மேசை முழுக்கச் சிரித்தது. ஃபுர்னெல் மீசையைத் தடவிக்கொண்டு, சிரிப்பு அடங்கும்வரை நின்று பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துல கன்னியாஸ்திரீங்க உன்னைத் திருத்தியிருக்கணும்."

"திருத்தினாங்களே. இந்தக் கையை பெஞ்சோட சேத்துக் கட்டிவெச்சாங்க. வலது கையால அவிழ்த்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்." செப்புக் கம்பியின் மிச்சத்தை வெட்டினாள். "அதுலேர்ந்து எனக்கு ஒரு கணக்கு. கட்டறது இது. அவிழ்க்கறது அது."

கஸ்பாரும் சிரித்தான். செந்த் எத்தியேன் ஊரில் சைக்கிள் பட்டறைக்குப் பஞ்சமில்லை. போர் முடிந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. தபால்காரனுக்கும் சுரங்கக்காரனுக்கும் வண்டி செய்கிற பெரிய ஃபாக்டரிகள் இரவு பகலாக ஓடின. மொந்தலார் பட்டறை அந்த ரகம் இல்லை. இங்கே ஆளைப் பார்த்துத்தான் வண்டி. லியோன் நகரத்து டாக்டர் வருவார். அவருடைய காலின் நீளம், கையின் நீளம், தோளின் அகலம் எல்லாம் அளந்துகொள்வார்கள். பிறகு அவர் தன் கனவைச் சொல்லுவார். ஆல்ப்ஸ் ஏறவேண்டும். மழை வந்தால் நனையக்கூடாது. முன்னால் ஒரு பை, அதில் வரைபடமும் பாலாடைக்கட்டியும். விளக்கின் ஒயர் வெளியே தெரியக்கூடாது, குழாய்க்குள்ளேயே ஓடவேண்டும். கேரியர், மட்கார்டு, காற்றடிக்கும் பம்பு, எதுவும் பிறகு மாட்டியதுபோல் இருக்கக்கூடாது. ஒரே உடம்பில் முளைத்ததுபோல் இருக்கவேண்டும்.

கஸ்பாரின் கையில் அது முளைக்கும். குழாய்கள் சேரும் மூட்டுகளை அரத்தால் இழைத்து இழைத்து, இலை நுனிபோல் மெலிதாக்கிவிடுவான். கோடை முடிந்ததும் அதே டாக்டர் தோல் கறுத்து வந்து நிற்பார். "கடைசி மலை இறங்கினதும் சடார்னு கடல் வருது பாரு, கஸ்பார்!" என்பார். கஸ்பார் தலையாட்டுவான். அவன் கடலைப் பார்த்ததில்லை. அவன் வேலைக்கு வருகிற வண்டி, போருக்கு முந்தைய இரும்பு. தேவாலயத் தெருவின் சின்ன ஏற்றத்திலேயே இறங்கித் தள்ளவேண்டிய ஜென்மம்.

ஆசை அங்கேதான் பிடித்தது.

பட்டறை வேலையில் தனக்கென்று ரகசியமாக ஏதாவது செய்துகொள்வதற்குத் தொழிலாளிகள் 'பொய்முடி' என்று பேர் வைத்திருந்தார்கள். யார் தலையில் பொய்முடி இல்லை? ஒருத்தன் கட்டில் செய்தான். ஒருத்தன் காபிக்கொட்டை அரைக்கும் மில் செய்தான். மேஸ்திரி ஃபுர்னெல்லே ஸ்போக்ஸ் கம்பியில் ஒரு கிளிக்கூண்டு செய்துகொண்டுபோனார். அதில் கதவு, ஊஞ்சல், தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் உண்டு. முதலாளி மொந்தலாருக்கும் இது தெரியும். தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்வதில்லை. அதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வாசலில் காவல்காரன் கண்ணில் படக்கூடாது. வெளியே போனபின் முதலாளி கண்ணில் படவே கூடாது.

கஸ்பார் தனக்கொரு வண்டிக்காகக் கீறல் விழுந்த குழாய்களாகப் பொறுக்கினான். நாற்பது ஃப்ரேம் தொங்குகிற இடத்தில் இன்னொன்று தொங்கினால் யாருக்குத் தெரியும்? முடிந்ததும் அதற்குத் தன் பழைய வண்டியின் சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் மாட்டினான். மேலெல்லாம் புகைக்கரியும் கிரீசும் பூசினான். சனிக்கிழமை மாலை காவல்காரனுக்குத் தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஏறி மிதித்துக்கொண்டே வாசலைத் தாண்டிவிட்டான். சக்கரங்களும் அப்படியே வெளியேறின. ஒரு வாரம் முன் சக்கரம், இன்னொரு வாரம் பின் சக்கரம்.

சக்கரம் கட்டியவள் மெலானி.

"சும்மா செய்யமாட்டேன்" என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். "அடுத்த குளிர்காலத்துல எனக்கு ஒண்ணு. இதே மாதிரி. ஏத்தத்துக்கு லேசா மிதிக்கிற மாதிரி சின்னப் பல்சக்கரம் வேணும்."

"உனக்கு எதுக்கு? நீயும் கடலுக்குப் போறியா?"

"கடலாவது மண்ணாவது. ழானினைப் பாக்கப் போகணும்."

மெலானியின் புருஷன் சுரங்கத்தில் செத்துப்போயிருந்தான். ஒரே மகள் ழானினுக்கு நெஞ்சில் நோய். மலைக்கு அப்பால், பீடபூமியில் இருக்கும் சானடோரியத்தில் படுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ் போகும். போய்ச் சேர்ந்து, பிள்ளையின் தலையை வாரி, பின்னல் போட்டு முடிப்பதற்குள் திரும்புகிற பஸ் ஹாரன் அடிக்கும். சொந்த வண்டி இருந்தால் விடிகாலையில் கிளம்பி, பொழுது சாயும்வரை இருந்துவிட்டு வரலாம். வரும்போது முழுக்க இறக்கம்தானே.

ஊருக்கு வெளியே தொழிலாளிகளுக்கு விட்டிருக்கும் காய்கறித் தோட்டங்களில் கஸ்பாருக்கும் ஒரு துண்டு இருந்தது. அதன் மூலையில் கருவிக் கொட்டகை. அங்கேதான் வண்டி முழு உருவம் எடுத்தது. ஒரு ஞாயிறு மாலை, பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அங்கே வந்த மெலானியைச் சுவரோரம் நிற்கவைத்து, ஒரு நூலால் அவள் கால் நீளத்தை அளந்தான் கஸ்பார். கை நீளத்துக்கு ஒரு முடிச்சு. தோளுக்கு இன்னொரு முடிச்சு.

"டாக்டருக்குப் பண்ற மாதிரியே பண்றியே!"

"டாக்டரம்மா, கொஞ்சம் அசையாம நில்லுங்க."

நூலைக் கொட்டகையின் ஆணியில் மாட்டினான். பிறகு இருவரும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாம்பல் நீலம். பேர் இல்லை, ஊர் இல்லை, முத்திரை இல்லை. மட்கார்டின் வளைவும் சக்கரத்தின் வளைவும் விரல் கனம் கூட விலகாமல் சேர்ந்தே ஓடின. சக்கரத்தைச் சுழற்றிவிட்டால், நிற்க மனமில்லாததுபோல் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"எப்ப ஓட்டப்போறே?"

"வர்ற ஞாயிறு. கணவாய்க்கு."

மெலானியின் முகம் மாறியது. ஒவ்வொரு கோடையிலும் அந்த ஞாயிற்றுக்கிழமை, சுற்றுப்பயண சைக்கிள்காரர்கள் நூற்றுக்கணக்கில் ஊரிலிருந்து கணவாய்க்கு ஏறுவார்கள். மேலே சத்திரத்து வாசலில் ஒயினும் பேச்சும் பரிசும் இருக்கும். மிக அழகான வண்டிக்கு ஒரு கோப்பை கொடுப்பார்கள்.

"உனக்குப் பைத்தியமா கஸ்பார்? அங்க முதலாளி வருவாரு."

"அவர் வர்றது சாப்பாட்டு நேரத்துக்கு. காரில. அதுக்குள்ள நான் இறங்கிடுவேன்."

"வேற மலையே இல்லையா இந்த ஊர்ல?"

"மெலானி, நான் இழைச்ச வண்டியெல்லாம் அந்தச் சுவத்துல சாஞ்சு நிக்கும். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை இதையும் அது பக்கத்துல வெச்சுப் பாக்கணும்."

அவள் செப்புக் கட்டு ஒன்றை விரலால் தடவிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கஸ்பார் யாரையும் முந்த நினைக்கவில்லை. வண்டிதான் முந்தியது. பைன் மரங்களுக்கிடையே பாதை வளைந்து வளைந்து ஏறியது. மூச்சிரைத்துக்கொண்டிருந்த கனவான்களைக் கடக்கும்போது ஒவ்வொருவருக்கும் தலையைக் குனிந்து வணக்கம் சொன்னான். சத்திரத்துச் சுவரில் வண்டியைச் சாய்த்துவிட்டு, நாலடி பின்னால் வந்து பார்த்தான். வரிசையில் அவன் கைபட்ட வண்டிகள் பல நின்றன. இது அவற்றின் அக்காள்போல் நின்றது.

ஒரு கிளாஸ் ஒயின் வாங்கிக் குடித்தான். போயிருக்கவேண்டும். ஆனால் வண்டியின் முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது.

பரிசுக் குழுவின் தலைவர், லியோன் நகரத்து நோட்டரி, புல்லில் முழங்காலிட்டிருந்தார். மூட்டின் இலைநுனியை மூக்குக்கண்ணாடி படும் தூரத்தில் பார்த்தார். விளக்கு ஒயரைத் தேடினார். கிடைக்கவில்லை என்றதும் குழந்தைபோல் சிரித்தார். பிறகு செப்புக் கட்டுக்கு வந்தார்.

"இதப் பாருங்க. எல்லாம் இடப்பக்கமா சுத்தியிருக்கு! இந்த மாதிரி நான் பார்த்ததே இல்ல. என்ன நேர்த்தி! யாரோட வண்டி இது? பேரே போடலையே?"

கஸ்பார் வாயைத் திறப்பதற்குள் பின்னால் கார் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

மொந்தலார் அன்று சீக்கிரம் வந்துவிட்டார். வெள்ளைத் தொப்பி, கையில் சுருட்டு. கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் வண்டியைப் பார்த்தார். குழாய் மூட்டுகளைப் பார்த்தார். அப்புறம் கஸ்பாரைப் பார்த்தார். 

"முசியே மொந்தலார், உங்களுக்கு ஏதாவது தெரியுமா இதைப் பத்தி?"

மொந்தலார் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். நிதானமாகச் சிரித்தார்.

"தெரியாம என்ன? எங்க வண்டிதான். புது மாடல். இன்னும் பேர் ஒட்டல." கஸ்பாரின் தோளில் கை போட்டார். "இவன் எங்க பட்டறை ஆளு. ஏத்தத்துல எப்படிப் போகுதுன்னு பாக்க அனுப்பிச்சேன். எப்படிப் போச்சு கஸ்பார்?"

"நல்லா... நல்லாப் போச்சு, முதலாளி."

கைதட்டினார்கள். கோப்பை மொந்தலாரின் கைக்குப் போனது. நோட்டரி அங்கேயே ஒரு வண்டிக்குச் சொல்லிவைத்தார். "அச்சு அசலா இதே மாதிரி. ஒரு நூல் மாறக்கூடாது." அவரைப் பார்த்து இன்னும் சிலர். எல்லாம் முடிந்தபின் மொந்தலார் டிரைவரைக் கூப்பிட்டு வண்டியைக் காரின் கூரையில் கட்டச் சொன்னார். கஸ்பாரின் பக்கம் திரும்பவேயில்லை.

"காலையில ஆபீசுக்கு வா" என்று மட்டும் சொன்னார்.

கஸ்பார் மலையை நடந்தே இறங்கினான். ஏறும்போது அவன் வணக்கம் சொன்னவர்கள் ஒவ்வொருவராக மணியடித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனார்கள்.

திங்கட்கிழமை, முதலாளியின் கம்பளத்தின்மேல் வண்டி நின்றுகொண்டிருந்தது. யாரோ துடைத்திருந்தார்கள். பக்கத்தில் ஃபுர்னெல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. கஸ்பார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"உக்காராதே" என்றார் மொந்தலார். அவன் உட்கார நினைக்கவேயில்லை. "இதை போலீசுக்குச் சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும், முதலாளி."

"வீட்ல?"

"ஜெர்மேன். ரெண்டு பசங்க. மூணாவது அக்டோபர்ல."

"ம்." மொந்தலார் இருக்கையின் தோலை நகத்தால் சுரண்டினார். "போலீசுக்குச் சொல்லப் போறதில்ல. இந்த மாதிரி வண்டி எனக்கு நிறைய வேணும். நீ செய்வே. வாயை மூடிக்கிட்டு செய்வே. இது நான் சொல்லி நீ செஞ்ச வண்டி. புரியுதா?"

"புரியுது."

கஸ்பார் முடிந்தது என்று நினைத்தான். தொப்பியைத் தலைக்குக் கொண்டுபோனான்.

"இரு. இன்னும் முடியல."

கை பாதியில் நின்றது.

"பட்டறை முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஒரு வண்டியைத் தூக்கிக்கிட்டுப் போவான். யாராவது ஒருத்தர் வாசலைத் தாண்டிப் போறதை அவங்க பாக்கணும். நீ எனக்கு வேணும். அதனால நீ இல்ல. ஃபுர்னெல்?"

ஃபுர்னெல் குனிந்தார். அவர் தேடவேயில்லை. நேராகச் சக்கரத்துக்குப் போய், செப்புக் கட்டின்மேல் விரலை வைத்தார்.

"இடப்பக்கம், முசியே. எல்லாமே."

ஃப்ரேமில் எண் அடிக்கவில்லை. ஹப்பின் முத்திரையை அரத்தால் இழைத்து எடுத்திருந்தார்கள். பெயின்ட்டைக்கூடப் பட்டறையில் இல்லாத நிறமாகப் பார்த்துத்தான் கலந்தார்கள். இது மட்டும் கஸ்பாருக்கும் மெலானிக்கும் தோன்றவேயில்லை.

"அது நான் கட்டினது" என்றான் கஸ்பார்.

"நீயா?"

"நான்தான் மேஸ்திரி. சக்கரமும் நான்தான்."

ஃபுர்னெல் முதலாளியைப் பார்த்தார். மொந்தலார் தலையசைத்தார். ஃபுர்னெல் வெளியே போய், கட்டுப் போடாத ஒரு சக்கரத்தோடும் ஒரு சுருள் செப்புக் கம்பியோடும் வந்தார். நாற்காலியைக் காட்டினார்.

"கட்டு."

இப்போது உட்காரச் சொன்னார்கள். கஸ்பார் சக்கரத்தை மடியில் சாய்த்தான். கம்பியின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தான். மெலானி கட்டும்போது ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். இடப்பக்கம். அவ்வளவுதானே. முதல் சுற்று வந்தது. இரண்டாவது சுற்றில் மணிக்கட்டு மடங்க மறுத்தது. தன் பக்கமாக இழுக்கவேண்டிய இடத்தில் அவன் கை தள்ளியது. மூன்றாவதைச் சுற்றியதும் முதலாவது நழுவியது. அவிழ்த்தான். மறுபடி ஆரம்பித்தான். இரும்பையே இலைநுனியாக இழைக்கிற விரல்கள் இப்போது வேறு யாருடையதோபோல் தடுமாறின. சுருள் கையிலிருந்து நழுவிக் கம்பளத்தில் உருண்டு ஓடியது. அதை எடுத்து மறுபடி நுனியை அழுத்தினான். இந்தத் தடவை, அவன் நினைக்காமலே, கை தன் பாட்டுக்கு வலப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது.

வரிவரியாக, அழகாக வந்தது.

 கஸ்பார் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"அவளைக் கூப்பிடு" என்றார் மொந்தலார்.

மெலானி ஏப்ரனோடு வந்தாள். கம்பளத்தில் கால் வைக்காமல் ஓரமாக நின்றாள். வண்டியைப் பார்த்தாள். கஸ்பாரின் மடியிலிருந்த சக்கரத்தைப் பார்த்தாள். அதில் வலப்பக்கமாகச் சுற்றியிருந்த கட்டைப் பார்த்ததும் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"விடு கஸ்பார்" என்றாள். "அது என் கைதான், முசியே."

"பட்டறைச் சாமானை எடுத்திருக்கே."

"ஒதுக்கிப் போட்ட ரிம்மு. ஸ்போக்ஸ் நீளம் பத்தாம குப்பையில கிடந்தது. சாப்பாட்டு நேரத்துல கட்டினேன். இந்த மேஸ்திரி வீட்ல ஒரு கிளிக்கூண்டு இருக்கே, அது எந்தக் கடையில வாங்கினது? கேளுங்க."

ஃபுர்னெல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே புகைபோக்கி ஒன்றுதான் தெரிந்தது.

"கிளிக்கூண்டை யாரும் கணவாய்க்கு எடுத்துட்டுப் போகல" என்றார் மொந்தலார். "இன்னையோட நின்னுக்கோ."

மெலானி ஒரு நொடி நின்றாள். முதலாளியிடம் கெஞ்சுவாள் என்று கஸ்பார் பயந்தான். கெஞ்சாமல் இருந்துவிடுவாளோ என்றும் பயந்தான். அவள் ஏப்ரன் முடிச்சை வலது கையால் அவிழ்த்தாள். மடித்தாள். நாற்காலியின் முதுகில் போட்டாள்.

"ஸ்போக்ஸ் முறுக்கற சாவி என் சொந்தச் சாவி. எடுத்துக்கிட்டுப் போறேன்."

சாப்பாட்டு நேரத்தில் கஸ்பார் யூனியன்காரனைத் தேடிப் போனான். அவன் சுவரில் சாய்ந்து ரொட்டியை மென்றுகொண்டிருந்தான்.

"ஸ்டிரைக் பண்ணலாம்" என்றான் கஸ்பார்.

"எதுக்கு? திருட்டு வழக்குக்கா?" அவன் குரலைத் தாழ்த்தினான். "நாம நின்னா அவர் போலீசுக்குப் போவாரு. போலீஸ் வந்தா முதல்ல உன்னைத்தான் கூட்டிட்டுப் போகும். அப்புறம் கட்டில் செஞ்சவன். அப்புறம் மில் செஞ்சவன். அப்புறம் நான். எங்க வீட்டு மாடிப்படிக் கைப்பிடி எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைக்கிறே?"

சுற்றிலும் எல்லோரும் தங்கள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஸ்பாரும் உட்கார்ந்தான். டப்பாவைத் திறந்தான். ஜெர்மேன் வைத்திருந்த உருளைக்கிழங்கு ஆறிப்போயிருந்தது. சங்கு ஊதியதும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு சுடரைப் பற்றவைத்தான்.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் வேலை விட்டு வரும்போது நிலக்கரிச் சுரங்கத்தின் கம்பிவேலியோரம் நின்றான். உள்ளே, தகரக் கூரைக்குக் கீழே நீளமான பட்டை ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் வருகிற நிலக்கரியிலிருந்து கல்லைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள் பெண்கள். எல்லோர் தலையிலும் துணி. எல்லோர் முகமும் ஒரே கறுப்பு. எது மெலானி என்று அவனுக்குத் தெரியவில்லை. பட்டை நின்றதும் அவள்தான் அவனைப் பார்த்து வந்தாள்.

"இளைச்சுட்டே" என்றாள்.

"நீயும்தான்."

"என் மேல கரி கனம் இருக்கு. தெரியாது." உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். நகக்கண்கள் பிளந்திருந்தன. "ஜெர்மேனுக்கு?"

"பொண்ணு."

"நல்லது."

"ழானின் எப்படி இருக்கா?"

"லெட்டர் போடறா. ஞாயித்துக்கிழமை இங்க பட்டையைக் கழுவணும். புதுசா சேர்ந்தவங்க முறை. பஸ் போயிடுது." வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பின்னல் போடத் தானே கத்துக்கிட்டாளாம். எழுதியிருக்கா."

கஸ்பார் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தான்.

"பாரிஸ்லேர்ந்தெல்லாம் ஆர்டர் வருது. கோப்பை ஜெயிச்ச வண்டி மாதிரியே வேணுமாம். கட்டும் இடப்பக்கமே இருக்கணுமாம். அப்படித்தான் எழுதறாங்க."

மெலானி அவனையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். சத்தமாக, பட்டறை மேசையில் சிரிப்பாளே அப்படி. பின்னாலிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இங்க அந்தத் தொல்லை இல்ல கஸ்பார். ரெண்டு கையும் வேணும். எந்தக் கைன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல."

"அந்த நூல் இன்னும் கொட்டகையிலதான் இருக்கு மெலானி. நான்..."

"தக்காளிக்குக் கொம்பு கட்ட வெச்சுக்கோ."

பட்டை மறுபடி ஓட ஆரம்பித்தது. அவள் போய் வரிசையில் நின்றாள். நின்றதும் மறுபடி எது அவள் என்று தெரியாமல் போனது.

பட்டறையில் அவளுடைய முக்காலியில் அசுந்தா என்ற இத்தாலியக்காரி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். பெரிய ஃபாக்டரியில் சக்கரம் கட்டிப் பழகியவள், கை வேகம். முதல் வாரம் அவள் போட்ட கட்டுகளை ஃபுர்னெல் ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தார். சுவரில் இப்போது ஒரு புது விளம்பரத் தாள் ஒட்டியிருந்தது. சாம்பல் நீல வண்டியின் படம். அதன் கீழே, 'இடப்பக்கம் சுற்றிய கட்டு: மொந்தலார் வண்டியின் தனி அடையாளம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

கஸ்பார் ஒரு மூட்டு வேலையை முடித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

"இடப்பக்கம்!" ஃபுர்னெல் அசுந்தாவின் தோளுக்குமேல் குனிந்திருந்தார். "எத்தனை தடவை சொல்றது உனக்கு? இடப்பக்கம்!"

"எனக்கு வலது கைதான் வரும், மேஸ்திரி. இப்படித் திருப்பினா மணிக்கட்டு வலிக்குது."

"பழகிக்கோ. முன்னாடி இருந்தவ தூக்கத்துல கட்டுவா."

அசுந்தா உதட்டைக் கடித்துக்கொண்டு மணிக்கட்டை முறுக்கினாள். ஒரு சுற்று. இரண்டு. மூன்றாவதில் செப்புக் கம்பி வழுக்கி, ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் ஆழமாக இறங்கியது. அவள் சத்தம் போடவில்லை. கம்பியையும் விடவில்லை. விட்டால் கட்டு அவிழ்ந்துவிடும். ரத்தம் ஒரு கோடாக ஸ்போக்ஸில் இறங்கி, குறுக்குக் கட்டில் சேர்ந்து, துளியாகத் தொங்கியது.

ஃபுர்னெல் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். உதறி விரித்தார். அவசரமில்லாமல், அழுத்தி, ஸ்போக்ஸைத் துடைத்தார்.